நாலு மீட்டருக்கு ஓர் உயிர்

1970-களின் தொடக்கத்தில் ஜப்பானில் கட்டி நியூசிலாந்துக்குக் கப்பலேற்றிய ரயில்பெட்டிகள் அவை. ஆக்லாந்துக்கும் வெலிங்டனுக்கும் இடையே இரவில் ஓடிய 'சில்வர் ஸ்டார்' வண்டிக்காக வாங்கியவை. 1979-இல் அந்த வண்டி நின்றுபோனது. பின்னால் ஒரு சொகுசு ரயில் நிறுவனம் அவற்றை வாங்கியது. உள்ளே மரச்சித்திர வேலைப்பாடு, வெளியே பச்சையும் பாலேட்டு நிறமும் என்று புதுப்பித்து, 1993-இல் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் இடையே ஓடவிட்டது. ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர்: ரப்பர் தோட்டம், நெல்வயல், சுண்ணாம்புக் குன்று, காடு, மறுபடி நெல்வயல். வண்டியின் வாலில் பக்கங்கள் திறந்த ஒரு பார்வை மேடை. அங்கே போய் உட்கார்ந்தால் வெப்பமண்டலம் நேராக முகத்தில் வந்து அடிக்கும். இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் பட்டுமாக வந்து அமர்வது வண்டியின் மரபு. சாப்பிட்டபின் பார் பெட்டியில் பியானோ.

அந்த நாட்களில், பாங்காக்கை எட்டுவதற்கு முன் வண்டி தன் வழியைவிட்டு ஒருமுறை விலகும். நோங் பிளாடுக் சந்திப்பில் மேற்கே திரும்பிக் காஞ்சனபுரிக்குப் போகும். அங்கே குவாய் ஆற்றுப் பாலம். பயணிகள் இறங்கித் தெப்பத்தில் ஆற்றோடு போவார்கள், கல்லறைத் தோட்டத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்ப்பார்கள், திரும்பி வந்து ஏறிக்கொள்வார்கள். பெட்டிக்குள் குளிர்ச்சி அப்படியே இருக்கும். சாப்பாடும் தயாராக இருக்கும்.

மலேசியத் தமிழர்கள் 'சயாம் மரண ரயில்' என்று சொல்லும் பாதை அதுதான். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். பர்மாவில் இருந்த படைக்குக் கடல்வழியே சரக்கு அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால், ஜப்பானிய ராணுவம் 1942-இன் நடுவில் வேலையைத் தொடங்கியது. 1943 அக்டோபரில் இரு முனைத் தண்டவாளங்களும் சேர்ந்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் உழைத்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் கைதிகளைவிட மூன்று மடங்காவது இருந்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரோடு, பெருந்தொகையாக மலாயாத் தோட்டத் தமிழர். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கைதிகளிடம் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். இறந்தவர் பெயரை எழுதி, மூங்கில் குழாயில் அடைத்துப் புதைத்தாவது காப்பாற்றினார்கள். தோட்டத்திலிருந்து போனவர்களுக்குப் பட்டியல் எழுத ஆளில்லை. ஆகவே இவர்கள் விஷயத்தில் எல்லாமே மதிப்பீடுதான்.

ஒவ்வொரு தண்டவாளக் கட்டைக்கும் ஓர் உயிர் என்று ஒரு வாசகம் வழக்கில் இருக்கிறது. கணக்கு அப்படி வராது. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் கட்டைகளுக்கு மேல் கிடக்கும். ஒரு லட்சம் சாவை 415 கிலோமீட்டருக்குப் பகிர்ந்தால் ஏறத்தாழ நாலு மீட்டருக்கு ஒன்று. ஒரு பெட்டியின் நீளம் இருபது மீட்டர் என்று வைத்துக்கொண்டால், எந்த நொடியிலும் ஒரு பெட்டிக்கு அடியில் ஐந்து பேர். மிகைப்படுத்த அவசியமே இல்லை.

இந்த ஐந்து பேருக்கு மேலே உட்கார்ந்து ஒருவர் இயற்கைக் காட்சியை ரசிக்கலாமா? ரசிப்பது பாவமா, வெறும் அறியாமையா, அல்லது யாருக்கும் கெடுதலில்லாத சாதாரண மனித இயல்பா? உல்லாசப் பயண இதழ்கள் இந்தக் கேள்வியை ஒரு நிமிட மௌனத்தோடு கடந்துபோகும். சமயங்கள் அப்படிக் கடந்துபோகவில்லை. அவற்றுக்கு இது மிகப் பழைய கேள்வி. அவற்றில் ஒன்று இதே கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

அசுவகோஷரின் புத்தசரிதத்தில் மூன்றாம் சருக்கம் ஓர் உல்லாசப் பயணம். இளவரசன் சித்தார்த்தன் தோட்டம் பார்க்கத் தேரில் புறப்படுகிறான். அவன் கண்ணில் துன்பம் எதுவும் படக்கூடாது என்று அரசன் வழியைச் சுத்தம் செய்யச் சொல்கிறான். ஊனமுற்றவர், முதியவர், நோயாளிகள், பிச்சைக்காரர் எல்லோரையும் வீதியைவிட்டு அப்புறப்படுத்துகிறார்கள். பூவும் கொடியும் கட்டி ராஜவீதி ஜொலிக்கிறது. மாடங்களில் பெண்கள் கூடி எட்டிப் பார்க்கிறார்கள். எல்லாம் சரியாகத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனாலும் ஒரு கிழவன் வந்து நின்றுவிட்டான். தேவர்கள் அனுப்பியதாகக் கவி சொல்கிறார். அடுத்தடுத்த பயணங்களில் ஒரு நோயாளி, பிறகு ஒரு பிணம்.

சொகுசு என்பதன் இலக்கணத்தை அந்த அரசன் சரியாகப் புரிந்துவைத்திருந்தான். மெத்தையும் மதுவும் அதன் மேல்பூச்சு. உண்மையில் காசு கொடுத்து வாங்குவது வழி சுத்தமாக இருக்கும் என்ற உறுதியை. பார்க்கத் தகுந்தது மட்டும் சன்னலில் வரும், மற்றது வராது என்பதை. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டலுக்கு ஒரு நற்சான்று கொடுக்கவேண்டும். அது கிழவனையும் பிணத்தையும் மறைக்கவில்லை. நிரலில் சேர்த்தே காட்டியது. அங்கேதான் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. சித்தார்த்தனுக்கு அந்தக் காட்சி பயணத்தை உடைத்தது. தேரைத் திருப்பச் சொன்னான். சொகுசு ரயிலில் அதே காட்சி பயணத்துக்கு மதிப்புக் கூட்டியது.

புத்தசரிதத்தின் அந்தச் சருக்கத்துக்குப் பெயர் 'சம்வேகம் பிறந்தது' என்ற பொருளில் அமைந்திருக்கிறது. சம்வேகம் என்றால் உலுக்கல், நடுக்கம். இந்தக் கருத்தைப் பற்றி நவீன காலத்தில் மிக முக்கியமான கட்டுரை எழுதியவர் ஆனந்த குமாரசாமி, கொழும்பில் பிறந்த ஈழத்தமிழர் சர் முத்துக்குமாரசாமியின் மகன். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு ஹார்வர்டின் ஆசியவியல் ஏட்டில் அவர் அதை எழுதினார். பழைய பாலி நூல்களில் சாட்டை பட்ட குதிரையின் சிலிர்ப்புக்கும் இதே சொல் வழங்குவதை எடுத்துக்காட்டுகிறார். அழகான ஒன்றைக் காணும்போது முதலில் வரும் அதிர்ச்சி அது என்கிறார். அந்த அதிர்ச்சி ஓர் இன்பமாக நின்றுவிடலாம்; அல்லது அதன் பொருளை நோக்கி ஆளை நகர்த்தலாம். அழகை வெறும் உணர்ச்சிச் சுகமாகக் கொள்வதை அவர் வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர். கட்டுரை வெளியான ஆண்டு 1943. அதே ஆண்டு, சயாமின் மழைக்காலத்தில், மலாயாத் தமிழர்கள் வாந்திபேதியில் கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தார்கள். இரண்டையும் இணைக்கும் கயிறு எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பாதையைப் பற்றி யோசிக்க ஒரு கருவி வேண்டுமென்றால், அந்த ஆண்டு செய்ததிலேயே மிகக் கூர்மையானது அதுதான்.

குவாய் நோய் ஆற்றை ஒட்டி, வாம்போ என்ற இடத்தில், குன்றின் இடுப்பைச் சுற்றி ஒரு மரச்சட்டப் பாலம் போகிறது. ஒரு பக்கம் கையெட்டும் தூரத்தில் பாறை. மறுபக்கம் கீழே பச்சை நிற ஆறு. வண்டி அங்கே ஊர்ந்துதான் போகும். எல்லோர் தலையும் வெளியே, எல்லோர் கையிலும் கைபேசி. சொகுசு வண்டிதான் என்றில்லை. மரப்பலகை இருக்கை போட்ட தாய்லாந்தின் மூன்றாம் வகுப்பு வண்டியும் அதே வழிதான் நாம் டோக் போகிறது. காட்சி உண்மையிலேயே அழகு. அதை மறுப்பது பொய். குன்றும் ஆறும் 1943-க்கு முன்பும் அழகாகத்தான் இருந்தன. சிரமம் என்னவென்றால், அந்தக் கோணத்திலிருந்து அந்த அழகைப் பார்க்க முடிவதே அந்தப் பாலத்தால்தான். அழகு ஆற்றுடையது, கோணம் செத்தவர்களுடையது.

இந்திய தத்துவத்தில் 'பார்ப்பவன்' ஒரு கௌரவமான பதவி. முண்டக உபநிடதத்தின் மரத்தில் இரண்டு பறவைகள். ஒன்று பழம் தின்கிறது, மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கும் பறவைதான் உயர்ந்தது. ஆனால் உல்லாசப் பயணி எந்தப் பறவை? உட்கார்ந்து பார்க்கிறான், எதையும் தொடுவதில்லை. அந்த அளவில் சாட்சிப் பறவையைப் போலத்தான் தெரிகிறது. ஆனால் அவன் வாங்கிய சீட்டு பார்ப்பதற்கான சீட்டு. பார்வையே அவனுக்குப் பழம். சாங்கியக்காரர்கள் இந்த இடத்தில் கூடுதல் நேர்மையோடு இருந்தார்கள். ஆன்மாவை அவர்கள் புருஷன் என்பார்கள். அந்தப் புருஷன் சாட்சி, காண்பவன் என்று சொன்ன அதே சாங்கிய காரிகை நூல், நுகர ஒருவன் வேண்டும் என்பதையும் புருஷன் இருப்பதற்குச் சான்றாக வைக்கிறது. காண்பவனும் நுகர்பவனும் ஒரே ஆள். 'நான் சும்மா பார்த்தேன்' என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை.

சைவ சித்தாந்தம் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. உடலும் கருவிகளும் உலகமும் நுகர்ச்சியும் இறைவன் உயிருக்குத் தந்தவை. நுகர்ந்துதான் வினை கழியவேண்டும். அதன்படி ரசிப்பதில் குற்றமில்லை. ரசிக்காமல் இருப்பேன் என்று அடம்பிடிப்பதும் ஒருவகை ஆணவம்தான். சன்னலோரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வதால் கீழே கிடப்பவருக்கு எந்த நன்மையும் இல்லை. இந்த அளவுக்குச் சித்தாந்தம் பயணிக்குத் துணை நிற்கும்.

அதற்கு மேல் இந்த வாதத்தை நீட்டினால் வழுக்கும். நுகர்ந்தவன் தன் வினையை நுகர்ந்தான், செத்தவன் தன் வினையால் செத்தான் என்று சொல்லிவிடலாம். சொல்லவும் செய்தார்கள். துயரத்தால் குலையாமல் அதை விளக்கிவிடும் எந்தத் தத்துவமும், பட்டு விரித்த ரயில்பெட்டியைவிட ஆடம்பரமானது. லயம் எனும் தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டில் கணவன் திரும்பாத ஒருத்தியிடம் ஊழ் என்று சொல்லிவிட்டு நகர்வது, வழியைச் சுத்தம் செய்த அரசனின் வேலையேதான்.

அந்த லயங்களிலிருந்து ஆட்கள் போன விதத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஜப்பானியர் வந்ததும் ரப்பருக்குச் சந்தை இல்லை, தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. மூன்று மாத ஒப்பந்தம், நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, தங்குமிடம் என்று அறிவித்தபோது முதலில் சிலர் தாங்களாகவே போனார்கள். திரும்பி வந்தவர் யாருமில்லை என்றானதும் அடுத்த கட்டத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் என்று கொட்டகைக்கு வரவழைத்துக் கதவை அடைத்து லாரியில் ஏற்றியதாகப் பிழைத்தவர்கள் சொன்ன கதைகள் உண்டு. மூடிய சரக்குப் பெட்டிகளில் மலாயாவிலிருந்து பான் போங் வரை நாட்கணக்கில் பயணம்; அங்கிருந்து காட்டுக்குள் நடை. முகாமில் ஒழுகும் அத்தாப்பு ஓலைக் கொட்டகை, மூங்கில் படுக்கை. 1943 மே, ஜூனில் வாந்திபேதி வந்தபோது ஆங்கிலேய, ஆஸ்திரேலிய கைதிகளின் மருத்துவர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கச் சொல்லிக் கட்டுப்பாடு செய்தார்கள். கூலி முகாம்களில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. சாவு விகிதத்தின் வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுதான். ஒரு சமூகத்திடம் மருத்துவரும் எழுத்தரும் இருந்தார்கள்; இன்னொன்றைக் கங்காணியோடு மட்டும் அனுப்பிவைத்தார்கள்.

சொகுசு வண்டி ஓடிய அந்த மலாயாப் பாதையும் பெருமளவு தமிழர் உழைப்பில் போட்டதுதான். தண்டவாளத்தை ஒட்டித் தமிழ் ரயில்வே தொழிலாளர்கள் நட்ட சூலங்கள் பின்னால் கோயில்களாயின. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் இருக்கும் முனீஸ்வரன் கோயில் அப்படி 1930-களில் ரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கியது. 2011-இல் தஞ்சோங் பகார் நிலையம் மூடப்படும்வரை எல்லா வண்டிகளும் அந்தப் பகுதி வழியாகத்தான் வடக்கே போயின. தோட்டங்களில் முனியாண்டியோடு மதுரைவீரனும் இருந்தான். மதுரைவீரன் யார்? அநியாயமாகக் கையும் காலும் வெட்டுண்டு செத்தவன். அவனைக் கொன்ற ஊரே அவனுக்குப் படையல் போடவேண்டியதாயிற்று. நாட்டார் சமயத்தின் நடுநாயகமான நீதி இது: அநியாயமாகச் செத்தவரைச் சும்மா விட்டுவிட்டுப் போகமுடியாது. இடம் கொடுக்கவேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும், வருஷத்துக்கு ஒருதரமாவது சோறு வைக்கவேண்டும். வைக்காவிட்டால் ஊர் நன்றாக இருக்காது. நல்லெண்ணம் இருக்கிறதா என்று இந்தச் சமயம் யாரையும் கேட்பதில்லை. கடன் கொடுத்தாயா என்றுதான் கேட்கும்.

இவ்வளவு தெளிவான அறத்தைக் கையில் வைத்திருந்த சமூகம், சயாமில் செத்த தன் ஆட்களை ஏன் தெய்வமாக்கவில்லை? கல் நட இடம் வேண்டும். இடம் எல்லை தாண்டிக் காட்டுக்குள் கிடந்தது. பெயர் சொல்லக் குடும்பம் வேண்டும். சில குடும்பங்கள் முழுக்கவே போய்விட்டிருந்தன. மிஞ்சியவர்களும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஊர் ஊராகச் சிதறினார்கள். அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்ற மலேசியத் தமிழ் நாவல்கள் ஒருவகையில் அந்தக் கல்லுக்குப் பதிலாக நின்றன. காஞ்சனபுரியில் ஒரு பௌத்த விகாரை வளாகத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுகல் நாட்டியது மிக அண்மையில்தான். எண்பது ஆண்டு தாமதம்.

மற்றவர்கள் தாமதிக்கவில்லை. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள்; வெட்டிச் சமன்செய்த புல், வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகை, இடையில் பூச்செடி. ஆஸ்திரேலியர்கள் 'நரக நெருப்புக் கணவாய்' என்று பெயர்பெற்ற பாறை வெட்டில் அருங்காட்சியகம் கட்டி, ஆண்டுதோறும் தங்கள் போர்நினைவு நாளான ஏப்ரல் 25 விடியலில் கூடுகிறார்கள். ஜப்பானிய ராணுவமே 1944-இல், போர் முடியுமுன், பாலத்தருகே ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அதன் பன்மொழிக் கல்வெட்டுகளில் தமிழும் உண்டு. கொன்றவர்கள் செத்தவர்களின் மொழியில் அஞ்சலி எழுதிவைத்த விசித்திரம். பாதைத் திறப்பு நாளில் ஓடிய சி56 வகை நீராவி எஞ்சின் டோக்கியோவில் யாசுகுனி ஆலய வளாகத்து அருங்காட்சியகத்தின் நுழைவுக் கூடத்தில் பளபளவென்று நிற்கிறது. போரில் இறந்த ஜப்பானியரின் ஆவிகளைத் தெய்வமாக வைத்திருக்கும் ஆலயம் அது. எஞ்சினுக்குச் சன்னிதி கிடைத்தது. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்கள் என்றே கருதப்படுகிறது. அதுவரை அவற்றின் மேல் கரும்பு விளைந்துகொண்டிருந்தது.

பாலத்தைத் தேடி உலகம் வந்ததும் ஒரு கற்பனையின் பேரில்தான். பியர் புல் எழுதிய நாவல் 1952-இல் வந்தது. டேவிட் லீன் படம் 1957-இல். படம் எடுத்தது தாய்லாந்தில்கூட இல்லை, இலங்கையில், களனி ஆற்றங்கரைக் கித்துள்கலையில். நிஜப் பாலம் நின்றது மே குலோங் ஆற்றின் மேல். வந்தவர்கள் எல்லோரும் குவாய் எங்கே என்று கேட்கவே, பின்னால் ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவாய் யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். இப்போது ஆண்டுக் கடைசியில் பாலத்தில் ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறது. 1945-இல் விழுந்த குண்டுகளை வாணவேடிக்கையாக மறுபடி வெடித்துக் காட்டுகிறார்கள். ஜனம் ஆரவாரிக்கிறது. இதைக் கண்டு முகம் சுளிப்பது எளிது. சுளிப்பவர் அடுத்த நாள் அதே பாலத்தில் நின்று, தலைசாய்த்துச் சோகமாகப் படம் எடுத்துக்கொள்வதும் எளிது. பின்னது முன்னதைவிட மேல் என்று சொல்லமுடியவில்லை. சோகத்தையும் ஓர் அயிட்டமாகப் பரிமாறி, அதை ருசித்துச் சாப்பிட்டவருக்குத் தன் மனம் எவ்வளவு மென்மையானது என்ற திருப்தி மட்டும் மிஞ்சினால், குமாரசாமி சொன்ன அதிர்ச்சி இன்பமாகவே நின்றுவிட்டது என்று பொருள்.

அது அப்படி நிற்காமல் நகர்ந்ததற்கு அந்தப் பாதையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. எரிக் லோமாக்ஸ் எடின்பரோக்காரர், சிறுவயது முதல் ரயில் பித்து. எந்த எஞ்சின் எந்தத் தடத்தில் ஓடுகிறது என்று அலைந்து திரிந்து குறித்துக்கொள்ளும் வகை. சிங்கப்பூரில் கைதியாகி இந்தப் பாதைக்கு வந்தார். ரகசிய வானொலிக் கருவிக்காகவும், வரைந்து வைத்திருந்த ஒரு வரைபடத்துக்காகவும் காஞ்சனபுரியில் சித்திரவதைப்பட்டார். விசாரணையில் மொழிபெயர்த்தவர் நகாசே தகாஷி என்ற ஜப்பானிய இளைஞர். போர் முடிந்ததும் நகாசே, கைதிகளின் புதைகுழிகளைத் தேடிச் சென்ற நேச நாட்டுக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பாதை நெடுகப் போனார். குழி குழியாகப் பார்த்தது அவரை விடவில்லை. பின்னர் காஞ்சனபுரிக்குத் திரும்பத் திரும்ப வந்தார். பாலத்தருகே ஓர் அமைதிக் கோயில் கட்டினார். 1993-இல் இருவரும் அங்கே சந்தித்தார்கள். சொகுசு வண்டி ஓடத் தொடங்கிய அதே ஆண்டு. லோமாக்ஸ் எழுதிய நூலின் தலைப்பிலும் ரயில் இருக்கிறது. ரயிலை நேசித்த மனிதன் ரயிலால் நொறுங்கி, நேசத்தை விடாமலே மீண்ட கதை அது. ரசனையும் நினைவும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்ற அச்சத்துக்கு இது ஓரளவு பதில். நகாசே மனம் நொந்ததோடு நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். வந்தார், கட்டினார், மன்னிப்புக் கேட்டார்.

சமயங்களும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன: உணர்ச்சியைவிடச் செயல்மேல் அவற்றுக்கு நம்பிக்கை அதிகம். பாலி மரபில் பேதவத்து என்று ஒரு தொகுதி இருக்கிறது, பசித்த ஆவிகளின் கதைகள். மதிலுக்கு வெளியேயும் சந்திகளிலும் வந்து நிற்கும் ஆவிகளைப் பற்றி அதில் ஒரு பகுதி. உரைகளின்படி அவை பிம்பிசார அரசனின் பூர்வ உறவினர்கள். அவன் தானம் செய்து பலனை அவர்கள் பெயரில் விடாததால் இரவெல்லாம் அலறினார்கள். இன்றும் தாய்லாந்துச் சவச்சடங்குகளில் அந்தப் பகுதியை ஓதுகிறார்கள். தமிழ்நாட்டில் மகாளய பட்சத்தில் மூன்று தலைமுறைக்கு எள்ளும் தண்ணீரும் விட்டபின், காருண்ய பித்ருக்கள் என்று மாமன், ஆசிரியர், நண்பர் வரை நீண்டு, கடைசியில் தாய் தந்தை பந்து யாருமே இல்லாதவர்களுக்கும் ஒரு கை தண்ணீர் விடுவார்கள். அந்தக் கடைசிக் கைத் தண்ணீருக்குப் பெயர் தேவையில்லை, கோத்திரம் தேவையில்லை. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இரத்த உறவு இருந்தாகவேண்டும் என்ற நிபந்தனையையும் அது தளர்த்திவிடுகிறது. வழிப்போக்கன் கொடுக்கலாம். ரயில் பயணி என்பவனும் வழிப்போக்கன்தான்.

ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் இப்போது காஞ்சனபுரிக்குப் போவதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் நின்று, 2024 பிப்ரவரியில் மறுபடி தொடங்கியபோது பாதை சிங்கப்பூர்-மலேசியாவோடு சுருங்கிவிட்டது. ஒரு சுற்று பினாங்குப் பக்கம். இன்னொன்று தாமான் நெகாரா காட்டை நோக்கி. கேள்வி தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். தீரவில்லை. தாமான் நெகாராவை ஒட்டிக் கிழக்குக்கரை நோக்கிப் போகும் பாதை 1931-இல் முழுமையடைந்தது. போர்க்காலத்தில் ஜப்பானியர் அதில் நீண்ட பகுதிகளைப் பெயர்த்தெடுத்துத் தண்டவாளங்களைச் சயாம் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தமிழர்கள் மலாயாவில் போட்ட இரும்பு, தமிழர்களை ஏற்றிச் சென்ற அதே திசையில் போய், அவர்கள் செத்த மண்ணில் மறுபடி படுத்தது. போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு சயாம் பகுதியைத் தாய்லாந்துக்கு 12.5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. தாய்லாந்து நாம் டோக் வரை சீர்செய்து வைத்துக்கொண்டது. அதற்கு அப்பால் காடு மூடிவிட்டது. கிழக்குக்கரைப் பாதையைப் புதுத் தண்டவாளம் போட்டு மீட்டார்கள். பயணி எந்தச் சுற்றைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே கணக்குப் புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பழைய பாதையில் சொகுசு வண்டி நகோன் சி தம்மராட் மாகாணத்துத் துங் சோங் சந்திப்பு வழியாகப் போய்வந்தது. அந்த மாகாணத்தில் பத்தாம் சந்திரமாதத் தேய்பிறையில், பெரும்பாலும் நம் மகாளய பட்சத்தோடு ஒட்டி, ஒரு பண்டிகை. நரகத்திலிருந்து பேய்களுக்குப் பதினைந்து நாள் விடுமுறை என்பது ஐதீகம். விகாரைக்குத் தட்டுத் தட்டாகப் பலகாரம் வரும். நூல்நூலாகப் பின்னிய ஒரு மாவுப் பலகாரம் கட்டாயம் உண்டு. பேயின் வாய் ஊசிமுனை அளவுதான், அதற்குள் நுழைய இந்த மெல்லிய நூலால்தான் முடியும் என்பார்கள்; உடுத்துவதற்குத் துணி என்றும் சொல்வார்கள். பொரியரிசிப் பலகாரம் ஒன்று ஆவி கடல் தாண்டத் தெப்பம். சொந்தக்காரர் இல்லாத ஆவிகளுக்கென்று விகாரை வெளியில் மேடை கட்டி அதில் படைப்பார்கள். பிக்குகள் ஓதி முடித்துப் புனித நூற்கயிற்றைச் சுருட்டியதும், கூடியிருந்த ஜனம், முக்கியமாகச் சிறுவர்கள், அந்தப் படையல் மேல் பாய்ந்து பறித்துத் தின்பார்கள். தள்ளுமுள்ளு, சிரிப்பு, சட்டை முழுக்கச் சர்க்கரை. பேயின் சோற்றைப் பறித்துத் தின்றால் புண்ணியம் என்று பெரியவர்களே பிள்ளைகளை உசுப்பிவிடுவார்கள்.